இரண்டு வயிறு கொண்ட எறும்பு

கோஸ்டா ரிக்கா நாட்டின் லா செல்வா காட்டில் ஓர் இரவு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சிலர் தரையைப் பார்த்தபடி நிற்கிறார்கள். அவர்கள் காலடியில் படையெறும்புகள் வீடு மாற்றிக்கொண்டிருக்கின்றன. குஞ்சுப் புழுக்களைத் தூக்கிக்கொண்டு, உதிர்ந்த இலைகளின் மேலே மணிக்கணக்காக ஓடும் வரிசை. பார்த்தவர்களில் ஒருவர் டேனியல் குரோனாவர், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எறும்புகளை ஆராய்கிறவர். ஓடுகிற எறும்புகளில் சிலவற்றுக்கு உடம்பு சரியில்லாததுபோல அவருக்குப் பட்டது. வயிறு இரண்டாக இருந்தது.

அப்படி ஓர் எறும்பைப் பிடித்துக் குப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். இரண்டாவது வயிறு கழன்று விழுந்தது. விழுந்த பிறகு அதற்குக் கால்கள் முளைத்தன. அது ஒரு வண்டு. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்.

2017 பிப்ரவரியில் அந்த வண்டுக்குப் பெயர் வந்தது. கிறிஸ்டோஃப் வான் பீரன், அலெக்ஸி டிஷெச்கின் என்னும் இருவர் அதை விவரித்து, நிம்ஃபிஸ்டர் குரோனாவரி என்று பெயரிட்டுக் கட்டுரை வெளியிட்டார்கள். யாரும் காசு கொடுக்காமல் படிக்கக்கூடிய இதழில் வந்தது. அதனால்தான் என் கைக்கும் எட்டியது.

எங்கள் தெரு நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து எதையாவது வாசிப்போம். அவர்களுக்கு எறும்பைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்று தேடியபோது இந்தக் கட்டுரை அகப்பட்டது. அன்று படித்ததை இன்னும் விடவில்லை. இதுவரை ஏழெட்டு முறையாவது முழுக்கப் படித்திருப்பேன். முதல் முறை அந்த எறும்பின் படத்துக்காக. அடுத்தடுத்த முறைகள், ஒரு பூச்சியை இதுவரை இல்லாத புதிய இனம் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்பதற்காக.

முதலில் அந்த எறும்புகள். எசிட்டான் என்ற பேரினத்தைச் சேர்ந்த படையெறும்புகள் மண்ணைக் குடைந்தோ இலையைத் தைத்தோ கூடு கட்டுவதில்லை. ஒன்றின் காலை இன்னொன்று கோத்துக்கொண்டு தங்கள் உடம்புகளையே கூடாக்கிக்கொள்ளும். அந்த உயிருள்ள பந்துக்குள் ராணியும் குஞ்சுகளும் பத்திரமாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் ஒரே இடத்தில் தங்கும். பிறகு புழுக்கள் வளர்ந்து பசி கூடியதும் இடம்பெயரத் தொடங்கும். அடுத்த இரண்டு மூன்று வாரம் ஏறத்தாழ ஒவ்வொரு இரவும் நடைதான். ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில்.

இப்படி ஒரு கூட்டம் நடந்தால் அதை நம்பிப் பிழைப்பவர்களும் கூடவே நடக்க வேண்டும். நம்பிப் பிழைப்பவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. கார்ல் ரெட்டன்மேயர் என்பவர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைப் படையெறும்புகளின் விருந்தாளிகளைக் கணக்கெடுப்பதில் செலவிட்டார். எசிட்டான் பர்ச்செல்லி என்ற ஒரே ஓர் எறும்பினத்தைச் சார்ந்து 300-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருப்பதாக அவரும் அவருடைய கூட்டாளிகளும் தொகுத்த கட்டுரை 2011-ல் வெளிவந்தது. அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் கழித்து. அந்தப் பட்டியலில் பறவைகள், ஈக்கள், உண்ணிகள், வண்டுகள் எல்லாம் உண்டு. எறும்பு வீடு மாற்றினால் உண்ணி, வண்டு வகைகளுக்கெல்லாம் அன்றைக்கு இரவே மூட்டை கட்ட வேண்டிய நிலைமை. வெட்டஸஸ் என்ற வண்டுகள் வரிசையின் கடைசியில் தாமே ஓடிவரும். அவற்றின் இனப்பெருக்கக் காலமே எறும்புகளின் தங்கும் காலம், நடக்கும் காலத்தோடு பொருந்திப்போகிறது என்று வான் பீரன் குழு 2016-ல் காட்டியது.

நம் வண்டால் ஓட முடியாது. ஒன்றரை மில்லிமீட்டர் உடம்பு நூறு மீட்டர் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் உயரத்துக்கு அது ஒரே இரவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடப்பதற்குச் சமம். அதனால் அது எறும்பின் மேலேறிக்கொள்கிறது. அந்த எறும்புகளின் இடுப்பில் அடுத்தடுத்து இரண்டு கணுக்கள் உண்டு. வண்டு அவற்றுக்கு நடுவே தன் நீண்ட தாடைகளால் கவ்விக்கொள்கிறது. கவ்வியபிறகு அதன் உருண்டை உடம்பு எறும்பின் வயிற்றோடு சேர்ந்து ஒரே உருவமாகிவிடுகிறது. அளவு, நிறம், வளைவு, விளக்கு வெளிச்சம் பட்டு மின்னும் விதம் எல்லாமே எறும்பின் வயிறு போலத்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. லா செல்வாவில் எசிட்டான் எறும்பில் ஆறு இனங்கள் இருக்கின்றன. இந்த வண்டு எசிட்டான் மெக்சிகானம் என்ற ஒன்றிடம் மட்டும்தான் கிடைத்தது. அதிலும் நடுத்தர அளவுள்ள வேலைக்காரிகளின் இடுப்பில்தான் ஏறுகிறது. பெரிய தலை வீராங்கனைகளையும் சின்ன எறும்புகளையும் தொடுவதில்லை. இருட்டில், ஓடுகிற கூட்டத்தில், சரியான அளவு பார்த்து ஏறுகிறது. பேருந்து நிலையத்தில் கூட்டத்துக்குள் நம் ஊர்ப் பலகை போட்ட வண்டியை மட்டும் கண்டுபிடித்து ஏறும் பாட்டிகள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

அப்புறம் கட்டுரையின் நடுப்பகுதிக்கு வந்தேன். விவரணை அங்கேதான் இருக்கிறது. முதல் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போய்விட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். வினைச்சொல்லே இல்லாத மாதிரியான வாக்கியங்கள். உடம்பை முன்னிருந்து பின்னாகப் பிரித்துக்கொண்டே போகும். தலை, உணர்கொம்பு, தாடை, மார்பின் மேல்தகடு, கெட்டி இறக்கை, கால்கள். ஒவ்வொன்றிலும் மயிர் எங்கே, குழி எங்கே, கோடு எங்கே, எங்கே வழவழப்பு. காட்டையும் இரவையும் பற்றி ஒரு சொல் அதில் கிடையாது. மூன்றாம் முறைதான் எனக்கு உறைத்தது. இந்த வண்டு உயிர் பிழைப்பதே ‘நான் தனி ஆள் இல்லை’ என்று காட்டித்தான். எறும்பின் உருவத்தில் தன் உருவத்தைக் கரைத்துவிடுகிறது. அதை விவரிக்கிறவரின் வேலை நேர் எதிரானது. எறும்பு எங்கே முடிகிறது, வண்டு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க வேண்டும். எறும்பிடமிருந்து பிரித்தால் மட்டும் போதாது. அதன் சொந்தக்கார வண்டுகள் ஒவ்வொன்றிடமிருந்தும் பிரிக்க வேண்டும்.

அந்தச் சொந்தக்காரர்கள் நிறைய. ஹிஸ்டெரிடே என்னும் அந்தக் குடும்பத்தில் நாலாயிரத்துக்கும் அதிகமான இனங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் கோமாளி வண்டு என்பார்கள். அழுந்திய கெட்டி உடம்பு. ஆபத்து என்றால் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு விதைபோல ஆகிவிடும். இவற்றில் ஒன்றைப் புதியது என்று சொல்வதற்கு முன்னால், ஏற்கெனவே பெயர் பெற்றவை எல்லாம் அது இல்லை என்று காட்டியாக வேண்டும். நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ இரண்டு வரியில் எழுதிவைத்த பழைய விவரணையைத் தேட வேண்டும். அது போதாதென்றால், அந்தப் பழையவர் ஊசி குத்திவைத்த அதே பூச்சியை ஏதோ ஒரு நாட்டு அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்க வேண்டும். டிஷெச்கின் போன்றவர்கள் பல பத்தாண்டுகளாக இந்த ஒரே குடும்பத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகியவர்கள். இது வேறு என்று ஒருவர் சொல்லும்போது அந்த ‘வேறு’க்குப் பின்னால் எத்தனை ஆயிரம் பூச்சிகளைப் பார்த்த பழக்கம் இருக்கிறது என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

கண்ணும் ஏமாறும். அதனால் இந்தக் கட்டுரையில் உடலமைப்போடு மரபணு வரிசையையும் சேர்த்தே வைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டை எடுத்துப் படித்துப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டுவிட்டால், நாளைக்கு வேறொருவர் இதன் ஒற்றைக் காலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாலும் சரிபார்க்கலாம். வண்டுகளில் இன்னொரு பழைய வழியும் உண்டு. வெளியே அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு இனங்களில்கூட ஆணின் இனப்பெருக்க உறுப்பு வேறு வேறு வடிவத்தில் இருக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் உடம்பைத் திறந்து அதை முறியாமல் எடுத்து வரைந்து காட்டுகிறார்கள். அவ்வளவு சின்ன உடம்பில் ஊசி குத்த முடியாது. சின்ன முக்கோண அட்டையின் நுனியில் துளிப் பசை வைத்து ஒட்டி, அட்டையில்தான் ஊசி குத்துவார்கள்.

அப்படி ஒட்டிய பூச்சிகளில் ஒன்றே ஒன்று அந்தப் பெயருக்குரிய மாதிரி ஆகிறது. ஹோலோடைப் என்பார்கள். வழக்கமாக அதற்குச் சிவப்பு அட்டை. 1999-க்குப் பிறகு விலங்கு எதற்கும் மாதிரியைக் குறிப்பிடாமல் புதுப் பெயர் வைத்தால் அந்தப் பெயர் செல்லாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. பெயர் என்பது அந்த இனத்தின் எல்லா வண்டுக்கும் பொது. ஆனால் அது கட்டப்பட்டிருப்பது ஒரே ஓர் உடம்பில். எதிர்காலத்தில் இதெல்லாம் இரண்டு இனம் என்று யாராவது பிரித்தால், இந்த உடம்பு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் பழைய பெயர். அந்த ஒரு எறும்பின் இடுப்பில் அந்த ஒரு இரவில் ஏறிய வண்டு, தான் அறியாமலே அத்தனை பேருக்கும் சாட்சியாகிவிட்டது.

சிவப்பு அட்டையோடு இன்னொரு துண்டுச் சீட்டும் இருக்கும். எந்த இடம், எந்தத் தேதி, யார் பிடித்தது. அதன் மதிப்பு எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். கல்லூரியில் விலங்கியல் படித்தபோது ஆளுக்கொரு பூச்சிப் பெட்டி செய்து கொடுக்க வேண்டும். என்னுடையதில் ஒரு நீண்ட கொம்பு வண்டு இருந்தது. கொம்பு மட்டுமே என் சுண்டுவிரல் நீளம். ஊசி குத்தி, கால்களை விரித்து, மூன்று நாள் நிழலில் காயவைத்து அப்படிப் பார்த்துக்கொண்டேன். பெட்டியைக் கொண்டுபோகும் அவசரத்தில் அதன் சீட்டைத் தொலைத்துவிட்டேன். ‘எங்கே பிடித்தாய், என்றைக்குப் பிடித்தாய்’ என்று ஆசிரியர் கேட்டார். எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ‘அப்படியென்றால் இது இனி அலங்காரப் பொருள்’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அந்த வருத்தம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறிவியல் பெயரில் ஆணைச் சிறப்பிக்க ஈற்றில் ‘இ’ வரும், பெண்ணென்றால் ‘ஏ’ வரும். குரோனாவர் குரோனாவரி ஆனது அப்படித்தான். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இல்லை. ஆனால் துறையில் அதை யாரும் அழகாக நினைப்பதில்லை. எனக்கு ஆரம்பத்தில் இந்தப் பெயர் பிடிக்கவில்லை. கவ்விக்கொண்டு போகும் அதன் குணத்தைச் சொல்கிற பெயராக வைத்திருக்கலாமே என்று தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஆயிரம் எறும்பு ஓடும்போது ஒன்றின் வயிறு சரியில்லை என்று கவனித்த கண்ணுக்கு இது நியாயமான மரியாதைதான்.

சரி, பிள்ளைகளிடம் இதைத் தமிழில் சொல்ல வேண்டுமே. அங்கேதான் நான் நிஜமாகவே மாட்டிக்கொண்டேன். முதல் சொல்லே தகராறு. வண்டு என்றதும் ஒருவன் ‘கொட்டுமா அக்கா?’ என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். நம் பழம்பாட்டுகளில் பூவுக்குப் பூ தேன் குடிக்கும் வண்டு தேனீ வகை. தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலை வைத்து நான் வளர்த்த பொன்வண்டு வேறு வகை. அரிசியைத் துளைக்கிற வண்டு பொன்வண்டின் பக்கத்து வகை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் வைத்திருக்கிறோம். ‘முதுகில் இரண்டு கெட்டி ஓடு, நடுவில் நேர்கோடு, ஓட்டுக்குக் கீழே மடித்துவைத்த மெல்லிய இறக்கை. இது இருந்தால்தான் நான் சொல்கிற வண்டு’ என்று தொடங்கினேன். பொன்வண்டைப் பார்த்திருந்த இரண்டு பேர் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்தது உடம்பின் பாகங்கள். ஹிஸ்டெரிடே வண்டுகளின் கெட்டி இறக்கை உடம்பை முழுக்க மூடாது. வயிற்றின் கடைசி இரண்டு தகடுகள் வெளியே தெரியும். அந்தத் தகடுகளுக்குத் தமிழில் நான் தேடிய இடத்தில் நல்ல சொல் அகப்படவில்லை. இடுப்புக்கு மேலேயே நின்றுவிடும் கட்டைச் சட்டை என்று சொன்னேன். ஆங்கில விவரணைகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சொல், மேல்தோட்டில் உள்ள சின்னச் சின்னக் குழிகளைச் சொல்வது. குழி நெருக்கமா, விலகலா, ஆழமா, மேலோட்டமா என்பதை வைத்தே சில இனங்களைப் பிரிப்பார்கள். இதற்கு என்ன சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு என் பாட்டி வீட்டு வாசலில் ‘அம்மி கொத்தலையோ அம்மி’ என்று கூவிக்கொண்டு போகிறவரின் உளி நினைவுக்கு வந்தது. புதிதாகக் கொத்திய அம்மி, தேய்ந்த அம்மி. அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. ‘இது புதிதாகக் கொத்திய முதுகு, இது தேய்ந்த முதுகு’ என்று பிள்ளைகள் தாங்களே மற்ற பூச்சிப் படங்களைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்கள். உணர்கொம்பின் நுனி திரண்டிருப்பதைத் தீக்குச்சி என்றார்கள். அது நான் சொல்லித் தந்ததல்ல.

அந்த வாரங்களில்தான் விவரணை எழுதுவதன் கஷ்டம் எனக்கு விளங்கியது. பார்த்ததைச் சொல்வது எளிது. பார்க்காத ஒருவர், வேறு ஊரில், வேறு காலத்தில், கையில் ஒரு பூச்சியை வைத்துக்கொண்டு ‘இதுதானா அது?’ என்று கேட்டால், சொல்லை மட்டும் வைத்து ஆமாம், இல்லை என்று அவர் முடிவுக்கு வர வேண்டும். அந்த அளவுக்குச் சொல்ல வேண்டும். அழகுக்காகச் சேர்க்கிற ஒரு சொல்கூட அவரை வழி தவறவைக்கும்.

இந்த வேலைக்கு ஆள் போதவில்லை. இதுவரை பெயர் பெற்ற வண்டு இனங்கள் சுமார் நான்கு லட்சம். பெயர் பெறாதவை அதைவிட அதிகம். டெர்ரி எர்வின் என்ற பூச்சியியலாளர் பனாமாவில் ஒரே வகை மரத்தில் 19 மரங்களுக்குப் புகை போட்டுக் கீழே விழுந்த வண்டுகளை எண்ணியபோது சுமார் 1,200 இனங்கள் தேறின. அதை வைத்து உலகில் மூன்று கோடி கணுக்காலி இனங்கள் இருக்கலாம் என்று 1982-ல் எழுதினார். அந்த எண்ணிக்கை இன்று குறைந்துவிட்டது. வண்டுகள் மட்டும் பதினைந்து லட்சம் என்பது இப்போதைய ஒரு மதிப்பீடு. குறைத்தே வைத்துக்கொண்டாலும் பத்து லட்சத்துக்கு மேல் பாக்கி. பிடித்தவை எல்லாம் உடனே பெயர் பெறுவதும் இல்லை. ஓர் உயிரினத்தைச் சேகரித்த நாளுக்கும் அதை விவரித்த நாளுக்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் போகின்றன என்று 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. கென்யாவில் 1960-களில் மண்ணிலும் சருகிலும் இருந்து எடுத்த ஒரு வண்டு, கண்ணும் இறக்கையும் இல்லாதது, 0.79 மில்லிமீட்டர் நீளம். லண்டன் அருங்காட்சியகத்தில் காத்துக் கிடந்து 2019-ல்தான் நெல்லோப்டோடஸ் கிரெட்டே என்ற பெயரைப் பெற்றது. பருவநிலைக்காகப் போராடும் கிரெட்டா துன்பர்க்கை நினைத்து வைத்த பெயர். அந்தச் சருகை அள்ளியபோது அவர் பிறந்திருக்கவே இல்லை.

வேகமாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் அலெக்சாண்டர் ரீடல் குழு 2013-ல் நியூ கினி தீவிலிருந்து டிரிகனாப்டெரஸ் என்ற கூன்வண்டுகளில் 101 புதிய இனங்களை ஒரே கட்டுரையில் விவரித்தது. மரபணு வரிசை, சுருக்கமான விவரணை, நல்ல படம், அவ்வளவுதான். பெயர் பற்றாமல் பப்புவா நியூ கினியின் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் குடும்பப் பெயர்களை எடுத்தார்கள். முதலில் படித்தபோது எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. இப்போது ஒப்புகிறது. காடு நமக்காகக் காத்துக்கொண்டிருக்கப் போவதில்லை. ஆனாலும் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே ஒரு வண்டைப் பக்கம் பக்கமாக எழுதுவதில் இருக்கும் அக்கறைதான் எனக்கு நெருக்கமாக இருக்கிறது. அது எந்த எறும்பில், எந்த அளவு எறும்பில், இடுப்பில் எந்த இடத்தில் என்பது வரை சொன்னதால்தான் அது எனக்கு ஓர் உயிராகத் தெரிந்தது.

போன மாதம் பிள்ளைகளிடம் படத்தைக் காட்டாமல் விவரணையை மட்டும் வாசித்தேன். என் தமிழில், கட்டைச் சட்டை, அம்மி, தீக்குச்சி எல்லாம் சேர்த்து. எறும்பையும் வண்டையும் வரையச் சொன்னேன். பெரும்பாலும் வண்டு எறும்பின் முதுகில் சவாரி போவதாக வரைந்தார்கள். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் வெகுநேரம் வரைந்தாள். எறும்பின் வயிற்றை ஒட்டி, அதே வட்டம், அதே அளவு, அதே கறுப்பு. பார்த்தால் இரண்டு வயிறுதான். ‘வண்டு எங்கேம்மா?’ என்று கேட்டேன். ‘இருக்கு அக்கா’ என்று சொல்லிவிட்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு வந்தாள். இரண்டு கணுக்களுக்கு நடுவில், தாடை கவ்வுகிற இடத்தில், மயிரிழை மாதிரி ஒரு கோடு போட்டாள்.